ஓவியத்துக்கு ஒரு பகல், நாடகத்துக்கு ஒரு மாலை: யாழ்ப்பாணத்து மண்டபங்களையும் காட்சிக்கூடங்களையும் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாண மாநகர சபைக்கும், வடமாகாணப் பண்பாட்டலுவல்களுக்குப் பொறுப்பானவர்களுக்கும், நகரிலும் நகரை அண்டியும் அரங்குகள், அருங்காட்சியகங்கள், ஓவியக் கூடங்கள் நடத்தும் அனைவருக்கும்.

மதிப்புக்குரியவர்களே,

கொழும்பு ரயில் 2014 ஒக்டோபரில் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. சென்னை விமானம் 2019 இல் பலாலிக்கு வந்தது. நாகபட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்டோபரில் ஓடத் தொடங்கியது. வருகிறவர் கோட்டையைப் பார்க்கிறார், நல்லூரில் கும்பிடுகிறார், ஐஸ்கிறீம் குடிக்கிறார், அடுத்த நாள் நயினாதீவுக்கு வள்ளம் ஏறுகிறார். "இங்கே ஓவியம் எங்கே பார்க்கலாம்? இன்றிரவு எங்கேயாவது கூத்தோ நாடகமோ இருக்கிறதா?" என்று தங்குமிடத்தில் கேட்டாரென்றால் அங்கே பதில் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஊராக யாழ்ப்பாணத்தை ஆக்குவது உங்கள் கையில் இருக்கிறது. அதற்காகத்தான் இந்த மடல்.

இங்கே கலைக்குக் குறைவில்லை. இந்திய நன்கொடையில் கட்டி 2023 பெப்ரவரியில் மக்களிடம் கையளித்த கலாசார மண்டபத்தில் 600 பேருக்கு மேல் இருந்து பார்க்கும் அரங்கும், இரண்டு தளத்தில் அருங்காட்சியகமும், வெளியே திறந்த சதுக்கமும் உண்டு. பக்கத்தில் பொது நூலகம். நாவலர் வீதியில், நாவலர் மண்டபத்துக்குப் பின்னால் தொல்லியல் அருங்காட்சியகம். பிரதான வீதியில் 1965 இலிருந்து இயங்கும் திருமறைக் கலாமன்றம். நகரை அடுத்த திருநெல்வேலியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கைலாசபதி கலையரங்கு. மருதனார்மடத்தில் சித்திரமும் சங்கீதமும் நடனமும் படிக்கும் பிள்ளைகள். பாசையூரிலும் நாவாந்துறையிலும் தென்மோடிக் கூத்து, வட்டுக்கோட்டையில் வடமோடிக் கூத்து, அம்மன் கோயில் முற்றங்களில் காத்தவராயன் கூத்து. எஸ். ஆர். கனகசபை முன்னின்று 1938 இல் தொடங்கிய வின்சர் ஆர்ட் கிளப் முதல், அ. மாற்கு மாஸ்டரிடம் தூரிகை பிடித்தவர்கள் வரைக்கும் ஓவியத்துக்கும் இங்கே ஒரு தொடர்ச்சி இருக்கிறது. குழந்தை ம. சண்முகலிங்கம் 1978 இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கியபின் நடிப்பை முறையாகப் பயின்றவர்கள் ஊருக்கு நாலுபேராவது இருக்கிறார்கள்.

இவ்வளவும் இருந்தும் வெளியூரவர் ஒருவர் ஒரே நாளில் இதில் இரண்டைக்கூடச் சேர்த்துப் பார்க்க முடியாது. ஓரிடம் திறந்திருக்கும் நாளில் மற்றது பூட்டு. வாசலில் போட்ட நேரம் ஒன்று, திறக்கும் நேரம் இன்னொன்று. கேட்டால் "திறப்பு வைத்திருப்பவர் லீவு" என்ற பதில். நாடகம் நடந்து முடிந்தபின்தான் படம் முகநூலில் வருகிறது. நடக்கப்போகிறதென்ற செய்தி அழைப்பிதழ் கிடைத்தவர்களோடு நின்றுவிடுகிறது.

எங்கள் கோரிக்கை இதுதான்: மாதத்தில் ஒரு நாள், ஒவ்வொரு மாதமும் அதே நாள். கடைசிச் சனிக்கிழமை நல்லது. சம்பளம் எடுத்த கிழமை என்பதால் உள்ளூர்க் குடும்பங்களும் ரிக்கற் எடுக்கும். கொழும்பிலிருந்து வெள்ளி இரவு ஏறுகிறவர் ஞாயிறு திரும்பிவிடலாம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களுக்குள் அந்தச் சனி விழுந்தால் பகல் நிகழ்ச்சியை மட்டும் வைத்து மாலையை விட்டுவிடுங்கள். அந்த நேரம் சனமும் கோயிலில், ஓட்டோவும் கோயிலடியில், சுற்றுவீதிகளும் மறிப்பில். தவக்காலத்தில் இயேசுவின் திருப்பாடுகளின் நாடகம் மேடையேறும். அந்த மாதத்து மாலையை அதற்கே கொடுத்துவிடலாம். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மாரி. அப்போது சதுக்கத்தில் ஒன்றும் வைக்காதீர்கள், எல்லாம் கூரைக்குக் கீழே.

அந்த நாள் எப்படி ஓடவேண்டும் என்பதை வெயில்தான் முடிவுசெய்கிறது. காலை 8.30க்கு நல்லூரில் தொல்லியல் அருங்காட்சியகம். சிறிய இடம், ஒரு மணித்தியாலம் காணும். 10 மணிக்குத் திருநெல்வேலி அல்லது மருதனார்மடம். மருதனார்மடம் நகரிலிருந்து எட்டுக் கிலோமீற்றருக்குக் கிட்ட, காங்கேசன்துறை வீதியில் பஸ் தாராளம். இறுதி வருட மாணவரின் படைப்புகளை விடுமுறைக் காலம் தவிர்ந்த ஒவ்வொரு கடைசிச் சனியும் ஒரு கூடத்தில் மாட்டி வைத்தால், படைத்த பிள்ளையே பக்கத்தில் நின்று விளங்கப்படுத்தலாம். 12 மணிக்குப் பிறகு ஒருவரையும் தெருவில் நடக்கவிடக் கூடாது. சாப்பாடு, ஓய்வு. 2 மணியிலிருந்து 4.30 வரை குளிர்சாதனம் உள்ள இடம், அதாவது கலாசார மண்டபத்து அருங்காட்சியகம். மதியச் சாப்பாட்டுக்காகக் கூடத்தைப் பூட்டுகிற வழக்கம் அன்று ஒருநாளாவது வேண்டாம்; இரண்டு பேர் மாறிமாறிச் சாப்பிட்டால் போதும். 4.30க்குக் கோட்டை, பத்து நிமிட நடை. மதிலில் ஏறினால் பண்ணைக் கடல் பக்கத்துக் காற்று. 5.45க்குத் திரும்பினால் தேத்தண்ணியும் வடையும். 6.15க்கு நாடகம்.

ஓவியக் கூடங்களில் வழக்கமாகப் பிழைக்கிறவை பெரிய செலவில்லாமல் திருத்தக்கூடியவை. அவற்றைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முதலாவது வெளிச்சம். ஏட்டுச்சுவடி, கடதாசியில் வரைந்த நீர்வர்ணம், பழைய துணி ஆகியவற்றின்மேல் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் விழக்கூடாது. தைலவர்ணம் 200 வரை தாங்கும். எங்கள் கூடங்கள் பலவற்றில் தலைக்குமேலே குழல் விளக்கு, பக்கத்தில் திறந்த யன்னல். யன்னல் வழியே வரும் பகல் வெளிச்சம் சில வருடங்களில் நீலத்தையும் சிவப்பையும் வெளிறச் செய்துவிடும், அதைத் திருப்பி எடுக்க வழியே இல்லை. யன்னலுக்கு உள்பக்கம் வெள்ளைச் சீலை இரண்டு மடிப்பாகப் போடுங்கள். குழல் விளக்கைக் கழற்றி மஞ்சள் சாய்ந்த எல்ஈடி மாட்டுங்கள். பிறகு "உள்ளே இருட்டு" என்று முறைப்பாடு வரும். வெளியே நேர்வெயில் ஒரு இலட்சம் லக்ஸுக்குக் கிட்ட. அதிலிருந்து நேரே 50க்கு நுழைந்தால் யாருக்கும் கண் தெரியாது. அதனால் வரவேற்பு மேசையையும் ரிக்கற் கொடுப்பதையும் விறாந்தையிலோ இடையிலுள்ள மங்கலான அறையிலோ வைத்து இரண்டு மூன்று நிமிடம் அங்கே மினக்கெட விடுங்கள். கண் பழகியபின் 50 லக்ஸில் சுவடியின் எழுத்துக் கீறல் வடிவாகத் தெரியும்.

மாட்டும் விதம் அடுத்தது. ஒற்றை ஆணியில் நீளமான நைலோன் கயிற்றில் தொங்கும் படம் முன்னால் சரிந்து நிற்கும். எதிரே உள்ள விளக்கு கண்ணாடியில் விழுந்து, பார்ப்பவருக்குத் தன் முகம்தான் தெரியும். சட்டத்தின் மேல் மூலைகளுக்குக் கிட்ட இரண்டு கொளுக்கி, சுவரில் இரண்டு ஆணி, கயிறு கட்டை. படத்தின் நடு, நிலத்திலிருந்து 145 முதல் 150 சென்ரிமீற்றர். எல்லாப் படத்துக்கும் நடுவை ஒரே உயரத்தில் வையுங்கள், மேல்விளிம்பை அல்ல. கீழ் மூலைகளுக்குப் பின்னால் போத்தல் கோர்க்கை ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் வெட்டி ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்று ஓடும். கடலுக்குக் கிட்ட உள்ள ஊர் இது. மாரியில் சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுத்து உப்புப் பூக்கும், அந்த ஈரம் நேரே படத்தின் முதுகுக்குப் போகும். கண்ணாடி கடதாசியைத் தொடவே கூடாது. தொட்டால் ஈரத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் நிறமும் சேர்ந்து வரும். இடையில் மூன்று நாலு மில்லிமீற்றர் தடிப்பான மட்டை வைக்க வேண்டும்.

குளிர்சாதனத்தைப் பகலில் போட்டு இரவில் நிறுத்துவது நல்லதென்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் படங்களுக்கு அது போடாமல் விடுவதைவிடக் கெடுதல். பகலில் காய்ந்து சுருங்கும் பலகையும் கன்வஸும் இரவில் ஈரம் குடித்து விரியும். தினமும் இப்படி நடந்தால் வர்ணத்தில் வெடிப்பு. மின்கட்டணம் பெரும் கவலை என்று தெரியும். அப்படியென்றால் கூடம் முழுவதையும் குளிராக்காமல், சுவடிகளையும் நீர்வர்ணத்தையும் ஒரு சிறிய அறைக்கு மாற்றி அங்கே மட்டும் ஈரமுறிஞ்சும் இயந்திரம் ஒன்றை இரவுபகலாக ஓடவிடுங்கள். ஈரப்பதன் 65 வீதத்துக்கு மேல் ஏறாவிட்டால் பூஞ்சணம் பிடிப்பது மிகக் குறையும்.

விளக்க அட்டைகளைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. இலக்கம் மட்டும் எழுதிய அட்டை ஒருவருக்கும் உதவாது. யார் செய்தது, எந்த வருடம், என்ன பொருளால் செய்தது, எங்கே கிடைத்தது அல்லது யார் கொடுத்தது, அதன் கீழே அறுபது சொல்லுக்குள் ஒரு விளக்கம். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும். தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் கொம்பும் சுழியும் இருப்பதால் ஆங்கிலத்தைவிட ஒரு படி பெரிதாக, 24 புள்ளிக்குக் குறையாமல் அச்சிடுங்கள். மினுங்கும் லமினேற் வேண்டாம். மங்கல் தாளே போதும். ஏழு வாய் கொண்ட மட்பாண்ட வாத்தியமோ தோலும் மரமுமான பழைய கருவியோ இருந்தால், அதைத் தட்டினால் எப்படி ஒலிக்கும் என்று எழுதுங்கள். பார்ப்பவர் மனதில் முதலில் எழும் கேள்வி அதுதான்.

இனி மாலை நாடகம்.

கூத்து இரவிரவாக ஆடுவது, வெளியூரவருக்கு அது சரிவராது என்று சிலர் சொல்வார்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962 இல் 'கர்ணன் போர்', 1964 இல் 'இராவணேசன்' என்று கூத்தை ஒரு மாலைக்குள் அடங்கும் மேடை வடிவத்துக்குக் கொண்டுவந்து காட்டிவிட்டார். அதில் அவர் வரவையும் (ஒரு பாத்திரம் முதன்முதல் மேடைக்கு ஆடிப் பாடி வருவது) தாளக்கட்டையும் விடவில்லை. ஒரே கருத்தைத் திரும்பச் சொல்லும் பாட்டுக்களைத்தான் குறைத்தார். கூத்தைப் பழக்கி ஆட்டுவிக்கும் எங்கள் ஊர் அண்ணாவிமாரும் இரண்டு மணித்தியாலத்துக்குச் சுருக்கித் தருவார்கள், ஆனால் என்ன குறைப்பது என்பதை அண்ணாவியாரிடமே விடவேண்டும். கூத்துப் பிரதியில் கைவைத்து மண்டபத்தார் வெட்டினால் ஒரு பாத்திரத்தின் வரவே காணாமல் போகும். வரவு இல்லாத கூத்து தலையில்லாத உடம்பு.

மேடையில் முதல் எதிரி சிவப்புக் கம்பளம். பேச்சாளர்களுக்காக விரித்த கம்பளத்தை அப்படியே விட்டுவிட்டு ஆட்டத்தைத் தொடங்குகிறார்கள். கூத்தின் பாதி ஒலி காலில் இருக்கிறது. மத்தளத்தின் சொல்லுக்கு நேராக விழும் மிதியும் சலங்கையும் பலகையில் விழவேண்டும். கம்பளம் அதை விழுங்கிவிடும். விளிம்பு சுருண்டால் ஆட்டக்காரர் தடுக்கி விழுவார். சுருட்டி எடுப்பதற்கு இரண்டு பேரும் மூன்று நிமிடமும் போதும்.

இரண்டாவது எதிரி மைக். மேடை முன்னால் ஐந்து மைக்கை வரிசையாகக் காலில் நட்டுவைத்தால், நடிகர் ஒவ்வொருவரும் ஒரு மைக்குக்கு நேரே போய் நின்று பாடுவார். வட்டக்களரி என்ற வட்டமான ஆடுகளத்தில் சுற்றிச் சுழன்று ஆடப் பிறந்த ஆட்டம் அதோடு நேர்கோடாகிவிடும். சட்டையில் குத்தும் சிறிய மைக்கும் கூத்துக்கு ஆகாது: வியர்வையும் நெஞ்சுப் பதக்கமும் பட்டுக் கரகரக்கும். மேடை முன்விளிம்பில் தட்டையான மைக் மூன்று, ஒவ்வொன்றின் கீழும் ஒரு அங்குல ஸ்பொஞ்ச். ஸ்பொஞ்ச் இல்லாவிட்டால் மிதிச் சத்தம் இடியாகக் கேட்கும். மத்தளத்துக்கும் ஆர்மோனியத்துக்கும் மைக் வேண்டவே வேண்டாம். 600 பேர் மண்டபத்தில் பழகிய இசைநாடகக் குரல் கடைசி வரிசைக்கு ஏறத்தாழத் தானாகவே போகும். ஒலிபெருக்கி அதற்குக் கொஞ்சம் கை கொடுத்தால் காணும். இசைநாடகக் கலைஞர் நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தை ஊரூராகக் கேட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. உச்சத்தில் வைத்த ஒலிபெருக்கியில் ஒரு விருத்தத்தின் இழைவு என்ன ஆகும் என்று அவர்களைக் கேளுங்கள்.

வெளிச்சம் இங்கும் முக்கியம். முடியிலும் மார்பிலும் பதித்த கண்ணாடித் துண்டுகள் பந்த வெளிச்சத்துக்கும் காஸ் லைற்றுக்கும் செய்யப்பட்டவை. மஞ்சள் சாய்ந்த விளக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் தாழ்வாக வந்தால்தான் அவை ஒவ்வொரு சுழற்சியிலும் மின்னும். மேலிருந்து வெள்ளை எல்ஈடியை முழுவதுமாக அடித்தால் முடி வெறும் மட்டையாகத் தெரியும். நிறம் மாறி மாறி ஓடும் விளக்கைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பச்சை விழுந்தால் சிவப்பு உடுப்புக் கறுப்பாகும், முகத்து அரிதாரம் பிணநிறமாகும்.

மொழி தெரியாதவருக்கும், கூத்துத் தமிழ் பழகாத சென்னைக்காரருக்கும், புலம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் மேடைக்குமேல் திரையில் வரிகளை ஓடவிடலாம். கூத்துக்கு இது நாடகத்தைவிட லேசு. ஆட்டக்காரர் பாடிய அடியைப் பக்கப்பாட்டுக்காரர் திரும்பப் பாடுவதால் வாசிக்க நேரம் கிடைக்கும். ஒரு தடவைக்கு இரண்டு வரி, வரிக்கு நாற்பது எழுத்துக்குள். வரிகளை மாற்றிவிடுகிறவர் கூத்துக் கொப்பி பார்க்கத் தெரிந்தவராக, ஒத்திகை இரண்டுக்காவது வந்தவராக இருக்கவேண்டும். கணினி தெரிந்தவர் என்பதற்காக மட்டும் ஒருவரை இருத்தினால், முதல் பாட்டில் ஒரு அடி தவறியது கடைசிவரை தவறியே போகும். திரை வசதி இல்லாத மண்டபத்தில் மூன்று மொழியில் கதைச்சுருக்கம் ஒரு தாள் கொடுங்கள். அதில் யார் எந்த நிற உடுப்பு, எத்தனையாவதாக வருகிறார் என்ற விபரம் கதையைவிட உதவும்.

இனிச் சொல்வது பலருக்கு நோகும். ஆனாலும் சொல்லவேண்டும். மங்கல விளக்கேற்றல், வரவேற்பு நடனம், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை மூன்று, பிரதம விருந்தினர் உரை, பொன்னாடை, நினைவுச்சின்னம். அழைப்பிதழில் 5.30 என்று போட்ட நாடகம் 8 மணிக்குத்தான் தொடங்குகிறது. 3 மணிக்கு வேஷம் கட்டிய நடிகர், வளையம் வைத்து விரிந்த கரப்புடுப்போடு ஐந்து மணித்தியாலம் இருக்கமுடியாமலும் தண்ணீர் குடிக்கமுடியாமலும் வியர்த்து வழிகிறார். தொண்டை காய்ந்துபோய்த்தான் முதல் விருத்தம் எடுக்கிறார். கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டியவர்கள் மூன்றாவது காட்சியில் எழும்புகிறார்கள். கௌரவிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. அது கலைஞருக்கும் உரியது. நாடகம் முடிந்தபின், நடிகர் வேஷத்தோடு மேடையில் நிற்கும்போது, பத்து நிமிடத்தில் அதைச் செய்யுங்கள். அந்தக் கைதட்டலுக்கு எந்த உரையும் ஈடாகாது. கடைசிச் சனிக்கிழமைகளில் மட்டுமாவது 6.15 என்றால் 6.15க்கே முதல் மத்தள அடி விழட்டும்.

அதேபோல வெள்ளைத் துணி போர்த்த முன்வரிசைக் கதிரைகள். 6.10 வரை உரியவர் வராவிட்டால் அந்த இருக்கைகளைப் பின்னால் நிற்பவருக்குக் கொடுத்துவிடுங்கள். வெறும் கதிரைகளைப் பார்த்து ஆடுவது நடிகருக்கு எவ்வளவு பாரம் என்பதை மேடையில் நின்றவர் அறிவர். வீடியோக்காரரின் விளக்கும் ஏணியும் நடு வழியில் வேண்டாம். பின்சுவரோடு ஒரு மேடை போட்டுக் கொடுங்கள், அங்கிருந்தே எடுக்கட்டும்.

இலவசம் என்று போடாதீர்கள். 500 ரூபா, மாணவருக்கு 100, இருக்கை இலக்கத்தோடு. கதவடியில் 4.30 இலிருந்து ரிக்கற். வெளியூரவருக்காக ஐம்பது இருக்கையை அன்று மாலை 5.30 வரை ஒதுக்கி வையுங்கள். கூத்துக் குழு என்றால் இருபது முப்பது பேர், ஒரு பஸ், உடுப்புப் பெட்டிக்கு ஒரு வான், இராச்சாப்பாடு. 150 பேர் 500 ரூபா ரிக்கற் எடுத்தால் 75,000 ரூபா. மண்டப வாடகையை நீங்கள் விட்டுக்கொடுத்தால் அந்தக் காசு முழுவதும் குழுவுக்குப் போகும். மேடையேறிய அன்றே, கையில், கணக்கோடு கொடுக்கவேண்டும். நினைவுச்சின்னத்தை வைத்துக்கொண்டு ஒரு மீனவன் அடுத்த நாள் வலைக்கு நூல் வாங்கமுடியாது.

8.15க்கு நாடகம் முடியும். அந்த நேரத்தில் பருத்தித்துறைக்கும் காரைநகருக்கும் பஸ் பிடிப்பது கஷ்டம். மாதத்தில் ஒரு இரவுக்கு மட்டும், மூன்று திசைக்கு மூன்று பஸ் 8.45க்கு மண்டப வாசலிலிருந்து புறப்படும் என்று போக்குவரத்துச் சபையோடும் தனியார் பஸ் சங்கத்தோடும் பேசி ஒழுங்குபண்ணுங்கள். வலிகாமத்துக் குடும்பமும் வடமராட்சிக் குடும்பமும் அதற்காகவே வரும். ஓட்டோவுக்கு நல்லூர், ரயில் நிலையம், திருநெல்வேலி என மூன்று இடத்துக்கான கட்டணத்தை வாசல் பலகையில் எழுதிவிட்டால் தர்க்கம் இராது.

முதல் வேலையாக, வரும் மூன்று மாதங்களின் கடைசிச் சனிக்கிழமைகளை இப்போதே தீர்மானித்து, எந்தக் கூடம் எத்தனை மணிக்குத் திறக்கும், மாலையில் எந்தக் குழு என்பதை ஒரே ஏ3 தாளில் மூன்று மொழியிலும் அச்சிட்டு ரயில் நிலையம், பஸ் நிலையம், பலாலி, காங்கேசன்துறை இறங்குதுறை, தங்குமிடங்கள் எல்லாவற்றிலும் ஒட்டுவியுங்கள். தாளின் அடியில், அன்றைய நாளில் எடுத்துப் பேசக்கூடிய ஒரு ஆளின் தொலைபேசி இலக்கம். ஒரு மாதம் குழு வரமுடியாமல் போனால் நாளை மாற்றாதீர்கள், குழுவை மாற்றுங்கள். அந்த இடத்துக்கு ஒரு மணித்தியாலத்து இசைநாடகக் காட்சியோ, மாணவரின் ஓரங்கமோ தயாராக வைத்திருக்க எங்களால் முடியும். விளக்கு மாட்டுவதற்கும், படம் தொங்கவிடுவதற்கும், திரை வரிகள் எழுதுவதற்கும் ஆட்கள் எங்களிடம் இருக்கிறார்கள். கூப்பிடுங்கள், வருவோம்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்து மேடைகளிலும் ஓவியக் கூடங்களிலும் வேலை செய்பவர்கள்